ஓட மனசு வராத விடியலில்...

விடியற்காலை நாலரை மணி. திருமானூர் கொள்ளிடப் பாலத்தில் ஒன்றிரண்டு லாரிகளின் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அக்கரையில் தஞ்சாவூர் மாவட்டம் இன்னும் இருட்டில் கிடக்கிறது. இக்கரையில், ஆற்றங்கரைப் பாதையில் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக, ஒருவன் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்காக, பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி மாவட்டப் போட்டிக்காக. நேற்று வந்த ஒருவனை இன்று காணோம்.

அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கத் தேவையில்லை. பிள்ளை ஓடுகிற எல்லா வீட்டிலும் நடப்பதுதான். செல்போனில் அலாரம் அடிக்கிறது, அணைகிறது. மறுபடி அடிக்கிறது, அணைகிறது. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்: “டேய், எழுந்திருடா. பசங்க எல்லாம் பாலத்துக்கிட்ட போயிட்டாங்க.” போர்வைக்குள்ளிருந்து பதில் வருகிறது: “கால் ஒரு மாதிரியா இருக்கும்மா. நாளைக்குப் போறேன்.” திண்ணையில் படுத்திருக்கும் அப்பா சும்மா இருப்பாரா? “நாளைக்குன்னு சொன்னா நாத்து காத்துக்கிட்டு நிக்குமாடா?” என்கிறார். அதோடு அன்றைய வீட்டுச் சண்டை ஆரம்பம்.

வேளாண் விரிவாக்க மையத்துக்கு விதை வாங்க வருகிற பெற்றோர்கூட, ரசீது எழுதும் நேரத்தில் இதைக் கேட்பதுண்டு. “பயிருக்கு மருந்து சொல்றீங்க. காலைல இவன எழுப்புறதுக்கு ஏதாச்சும் சொல்லுங்களேன்.” சிரிப்போடு கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஓர் அரசு வேலை இருக்கிறது, வட்டிக்கு வாங்கிய பணம் இருக்கிறது, இரண்டு ஏக்கரை மட்டும் நம்பிப் பையன் காலம் தள்ள முடியாதே என்ற கவலையும் இருக்கிறது. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, இந்த ஏழு நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அதனால் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

மத்தியான வாட்டமா, விடியற்கால வாட்டமா?

கத்தரி, மிளகாய் போட்டவர்களுக்கு ஒன்று தெரியும். சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் செடியெல்லாம் தலை தொங்கி நிற்கும். புதிதாகத் தோட்டம் போட்டவர் பதறிப்போய் மோட்டாரைப் போடுவார். அனுபவப்பட்டவர் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டு, சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்ப்பார். மண்ணில் ஈரம் இருந்தால் செடி தானாக நிமிர்ந்திருக்கும். இலை வழியாக நீர் வெளியேறுகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாததால் வந்த வாட்டம் அது. வெயில் தாழ்ந்ததும் சரியாகிவிடும்.

விடியற்காலையில், பனி ஈரம் காயாத நேரத்திலும் செடி தொங்கியே நிற்கிறதென்றால் கதை வேறு. வேரழுகலாக இருக்கலாம், வாடல் நோயாக இருக்கலாம். கத்தரியில் பாக்டீரியா வாடல் என்று சந்தேகம் வந்தால், அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் நீரில் படும்படி பிடித்துப் பார்க்கலாம். சற்று நேரத்தில் பால் இழைபோல ஒன்று கீழே இறங்கினால் நோய் உறுதி. அந்தச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச நோய் பக்கத்துச் செடிக்கும் போகும்.

இரண்டு செடியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தொங்குகின்றன. ஓட மனசு வராத பிள்ளையின் நிலையும் அப்படித்தான். “மனசு வரல” என்பதும் “உடம்பு முடியல” என்பதும் போர்வைக்குள்ளிருந்து கேட்கும்போது ஒரே குரலில்தான் கேட்கும். திட்டுகிற அப்பாவும் தெரியாமல்தான் திட்டுகிறார், “பாவம், தூங்கட்டும்” என்று விடுகிற அம்மாவும் தெரியாமல்தான் விடுகிறார். ஏன், படுத்திருக்கிறவனுக்கே தெரியாது.

தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. மனித உடம்பின் வெப்பம் ஒரு நாளில் மிகவும் தாழ்ந்திருப்பது விழிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புவாக்கில். நாலரை மணிக்கு எழுகிறவனின் உடம்பு இன்னும் அந்தக் குளிர்ச்சியிலிருந்து மேலே வந்திருக்காது. தசைகள் இறுகியிருக்கும், மூட்டுகள் மக்கர் பண்ணும். எழுந்து ஓடத் தொடங்கினாலும் முதல் இரண்டு மூன்று நிமிடம் பெரும்பாடுதான். கால் தசைகள் உடனே பிராணவாயுவைக் கேட்கும். இதயமும் நுரையீரலும் அந்த அளவுக்கு வேகம் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில்தான் மூச்சு முட்டுகிறது, “இன்னிக்கு நம்மால ஆகாது” என்று தோன்றுகிறது. பழைய ஆயில் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றியவர்களுக்கு இது புரியும். முதலில் கரும்புகை, உதறல். அந்தச் சத்தத்தை வைத்து எஞ்சின் கெட்டுவிட்டது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரே சீராக அடிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே பாயில் படுத்துக்கொண்டு எடுக்கிற முடிவு மத்தியானம் இரண்டு மணிக்குச் செடியைப் பார்த்து எடுக்கிற முடிவு மாதிரிதான். எழுந்து, முகம் கழுவி, ஷூவை மாட்டி, கரைவரை நடந்து, பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் உடம்பு கனமாக, தலை கிறுகிறுப்பாக, காலில் ஒரே இடத்தில் குத்தலாக இருந்தால் திரும்பிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான நாட்களில் பத்தாவது நிமிடத்தில் திரும்புகிற யோசனையே வராது. தினமும் எவ்வளவு ஓடுவது என்று மனதோடு பேரம் பேசிக்கொண்டிருப்பதைவிட, கரைக்குப் போவதை மட்டும் பேரத்துக்கு அப்பால் வைத்துவிடுவது எளிது. கறவை மாடு வைத்திருக்கிற வீடுகளில் யாராவது காலையில் “இன்னிக்குப் பால் கறக்க மனசு இருக்கா?” என்று யோசிப்பார்களா? மாடு கத்தும், கறந்துதான் ஆக வேண்டும். ஓடுகிறவனுக்குக் கத்துகிற மாடு கிடையாது. அதுதான் அவன் பிரச்சினை.

அந்த மாட்டின் வேலையைச் செய்யக் கூட்டாளிகளால் முடியும். தனியாக ஓடுகிறவன் அலாரத்தை அணைத்துவிடலாம். வாசலில் வந்து நின்று சைக்கிள் மணி அடிக்கிறவனை அணைக்க முடியாது. கரையில் ஓடுகிற பிள்ளைகளில் விடாமல் வருகிறவர்களைக் கவனித்தால், அநேகமாக ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

சக்கிமங்கலத்துப் பாட்டி

மனசு வராத நாட்களைப் பற்றிப் பேசும்போது மதுரைக்குப் பக்கத்துச் சக்கிமங்கலத்தில் பிறந்த ரேவதி வீரமணியை விட்டுவிட்டுப் போக முடியாது. சின்ன வயதிலேயே அப்பா வயிற்று நோயில் இறந்தார். சில மாதங்களில் அம்மாவும் மூளைக் காய்ச்சலில் போய்விட்டார். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தவர் அம்மாவைப் பெற்ற பாட்டி ஆரம்மாள். அடுத்தவர் வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை பார்த்தவர். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வேலைக்கு அனுப்பச் சொல்லி உறவுக்காரர்கள் சொன்னபோது அவர் கேட்கவில்லை.

பள்ளியில் படிக்கும்போது ஒரு போட்டியில் ரேவதி வெறுங்காலோடு ஓடியதை மதுரைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். பாட்டிக்கு முதலில் சம்மதமில்லை. அதில் தப்பும் சொல்ல முடியாது. கூலி வேலை செய்து இரண்டு பேத்திகளைக் காப்பாற்றுகிறவர், தினமும் டவுனுக்குப் போய் ஓடிவிட்டு வா என்று எந்தத் தைரியத்தில் அனுப்புவார்? கண்ணன் பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். 2016-இல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் ரேவதி வெறுங்காலோடுதான் ஓடினார். 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம், 4x100 தொடர் ஓட்டத்திலும் தங்கம்.

விடுதிக்குப் போனது ரேவதியின் கதையில் சாதாரண விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஓட்டத்தைப் பொறுத்தவரை அதுதான் பெரிய மாற்றம். மைதானம் பக்கத்தில், சாப்பாடு நேரத்துக்கு, கூட ஓடுகிறவர்கள் உடன், எழுப்ப ஒரு பயிற்சியாளர். மனவுறுதி என்று சொல்கிறோமே, அதில் பாதி இப்படி வெளியிலிருந்து வருவதுதான். வீட்டிலேயே இருந்து ஓடுகிற பிள்ளைக்கு மன உறுதி குறைவு என்று சொல்லும் முன், அந்தப் பிள்ளை எழுந்ததும் தண்ணீர் எடுக்க வேண்டுமா, சாணி அள்ள வேண்டுமா, தம்பியைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டுமா என்று பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூடுதல்.

2019-இல் ரேவதி பாட்டியாலா தேசியப் பயிற்சி முகாமுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் கலினா புகாரினா, 400 மீட்டருக்கு மாறச் சொன்னார். நூறு மீட்டர் ஓடிப் பழகியவருக்கு நானூறு மீட்டர் வேறு பயிர் மாதிரி. கடைசி நூறு மீட்டரில் கால் இரும்பாகும், கண் இருட்டும். மறுநாள் காலையில் திரும்பவும் அதையே செய்யப் போக வேண்டும். மாறினார், ஓடினார். 2021 தொடக்கத்தில் முழங்கால் காயம். பந்தயக் காலத்தின் முதற்பாதி பெருமளவு கைவிட்டுப் போயிற்று. ஒலிம்பிக் நடக்கிற வருடத்தில் ஓடாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை, அறுவடை நேரத்தில் காலில் அரிவாள் பட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அது நிஜமான வாட்டம், அதற்கு ஓய்வுதான் மருந்து. கால் தேறிய பிறகு, அந்த ஜூலையில் நடந்த தேர்வுப் போட்டியில் 53.55 விநாடியில் முதலாவதாக வந்து டோக்கியோவுக்குத் தேர்வானார்.

2021 ஜூலை 30 அன்று டோக்கியோவில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்திய அணி இறங்கியது. நான்கு பேரில் மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ரேவதி, திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன், கடைசிச் சுற்றை ஓடிய ஆரோக்ய ராஜீவ். ராஜீவ், கொள்ளிடத்தின் இதே கரையில் மேற்கே இருக்கிற லால்குடிப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் சேர்ந்தவர், 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். அவரோடு ஓடிய இன்னொருவர் கேரளத்தைச் சேர்ந்த முகமது அனஸ். அணி 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடி அந்தத் தகுதிச்சுற்றில் எட்டாவதாக வந்தது. இறுதிப் போட்டிக்குப் போகவில்லை.

எட்டாவது இடத்துக்காகவா இத்தனை வருடம் காலையில் எழுந்தார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. நெல்லைத் தொட்டு வாழ்கிறவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று நம்பலாம். புதுக்கோட்டை கோ. லட்சுமணன் கதை அதைவிடக் கசப்பு. 2017-இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில், 25 சுற்று ஓடி மூன்றாவதாக வந்தார். வெண்கலம் கையில் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், ஓடும்போது தடத்தின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததாகச் சொல்லித் தகுதிநீக்கம் செய்தார்கள். கதிர் முற்றி அறுப்புக்கு நாள் குறித்த பிறகு மழை கொட்டிச் சாய்த்த வயலைப் பார்த்து நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடுத்த பட்டத்துக்கு நாற்றங்கால் விடுவது எப்படி என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிஜமாகவே முடியாதபோது

இனி விடியற்கால வாட்டத்துக்கு வருவோம். இதை வீட்டில் இருக்கிறவர்கள் கவனிக்காமல் விட்டால், திட்டும் அறிவுரையும் வேரழுகின செடிக்குத் தண்ணீர் பாய்ச்சின கதையாகிவிடும்.

காய்ச்சல் இருந்தால் ஓடவே கூடாது. மூக்கடைப்பு, லேசான சளி என்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் இருக்கும்போது ஓடுவது இதயத்தைப் பாதிக்கலாம். “ஓடினா வேர்த்து ஜுரம் விட்டுடும்” என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கால் வலியில் இரண்டு வகை உண்டு. இரண்டு காலிலும் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் அது உழைப்பு வலி. ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி வலித்து, ஓட ஓடக் கூடி, நடையையே மாற்றினால் நிறுத்திவிட வேண்டும். முன்கால் எலும்பில் அப்படி வலிப்பதை அசட்டை செய்து, கடைசியில் தேர்வு நாளில் ஓட முடியாமல் போகிற பிள்ளைகள் உண்டு. வலி தெரியாமல் ஓட மருந்துக்கடையில் ஊசியோ மாத்திரையோ வாங்குவது மஞ்சள் விளக்கை உடைத்துவிட்டு டிராக்டரை ஓட்டுகிற மாதிரி.

எழுந்திருக்கும் முன் படுத்தபடியே மணிக்கட்டில் நாடி பார்க்கிற பழக்கம் நல்லது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். ஒரு வாரம் எண்ணினால் தன் கணக்கு என்ன என்று தெரிந்துவிடும். ஒரு நாள் அது வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால், உடம்பு தேறவில்லை அல்லது காய்ச்சல் வரப்போகிறது என்று அர்த்தம் கொள்ளலாம். அன்றைக்கு நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரவில் மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு மோட்டார் போட வயலுக்குப் போய், மடை திருப்பி, இரண்டு மணிக்கு வந்து படுத்த பையனை நாலரை மணிக்கு எழுப்பி “சோம்பேறி” என்பது நியாயமில்லை. அன்றைக்கு அவன் சாயங்காலம் ஓடட்டும். அறுவடை நாளில் நெல் மூட்டை தூக்கியவனுக்கும் அதேதான். மூட்டை தூக்கியதும் பயிற்சிக் கணக்கில் சேரும். இதை அப்பாக்கள் ஒப்புக்கொண்டாலே பாதிச் சண்டை குறையும்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெண், இரண்டு மூன்று மாதமாகக் களைப்பு என்கிறாள், சிறிது ஓடினாலே மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது. மனசு போய்விட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்பு மண்ணில் கடலை போட்டவர்கள் இதே காட்சியை வயலில் பார்த்திருப்பார்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். யாரும் அந்தச் செடியைச் சோம்பேறி என்று சொல்வதில்லை. இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்து அன்னபேதி உப்பு கரைத்துத் தெளிக்கிறார்கள். பெண்ணுக்கும் அதே குறைவாக இருக்கலாம். மாதவிடாயில் போகிற ரத்தத்தோடு இரும்பும் போகிறது, ஓட்டமும் தேவையைக் கூட்டுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்து ஹீமோகுளோபின் பார்த்தால் தெரிந்துவிடும். 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. மாத்திரை எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையைப் பிள்ளைகள் பையிலேயே வைத்திருந்து எறிந்துவிடுவதும் நடக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டால் அது குறையும்.

சுண்ணாம்பு மண்ணில் இன்னொரு வேடிக்கை உண்டு. இரும்பு மண்ணிலேயே இருக்கும், ஆனால் பயிரால் எடுத்துக்கொள்ள முடியாது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் தினமும் சாப்பிட்டுவிட்டு உடனே ஒரு டீ குடிக்கிற வீட்டிலும் அதுதான் நடக்கிறது. டீயில் இருப்பது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

போட்டி நாள் காலை

தினமும் ஒழுங்காக ஓடுகிறவனுக்கும் போட்டி நாளில் ஓடப் பிடிக்காது. இது பலருக்குத் தெரியாததால் பயந்துவிடுகிறார்கள். வயிற்றைக் கலக்கும், நாலு தரம் சிறுநீர் கழிக்கப் போக வரும், கால் பஞ்சு மாதிரி இருக்கும், கொட்டாவிகூட வரும். உடம்பு ஓட்டத்துக்கு அட்ரினலின் சுரந்து தயாராகிறது, அவ்வளவுதான். அது மத்தியான வாட்டம், ஓடத் தொடங்கிய ஒரு சுற்றில் போய்விடும்.

ஆபத்து அந்த ஒரு சுற்றில்தான் இருக்கிறது. பதற்றத்தில் முதல் சுற்றைத் தலைதெறிக்க ஓடிவிடுவார்கள். 400 மீட்டர் தடத்தில் 1,500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்துக்குள் என்றால் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. முதல் சுற்றை 1 நிமிடம் 20 விநாடியில் முடித்தவன் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். ராணுவ முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் முழு மதிப்பெண் வேண்டுமானால் 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்க வேண்டும், சுற்றுக்கு ஏறக்குறைய 82 விநாடி. காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. தன் சுற்று நேரம் என்ன என்பதைக் கரையில் ஓடும்போதே கடிகாரம் வைத்துக் கால்களுக்குப் பழக்கிவிட்டால், போட்டி நாளில் மனசு என்ன சொன்னாலும் கால் தன் வேகத்தில் போகும். கரையில் தூரம் அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. நிலம் அளக்கிற டேப்பால் 400 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் குச்சி நட்டுவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் கிளிஃப் யங் என்று ஒரு விவசாயி இருந்தார். விக்டோரியா மாகாணத்தில் பீச் ஃபாரஸ்ட் என்கிற ஊரில் உருளைக்கிழங்கு போட்டவர். இளமையில் அவர் வீட்டில் ஆட்டு மந்தை இருந்தது. மந்தையை மடக்கக் குதிரை வாங்க வசதியில்லாததால் ரப்பர் பூட்ஸ் காலோடு ஓடியே மடக்கினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1982-இல் ஆயிரம் மைல் தூரத்தில் உலக சாதனை செய்ய முயன்று பாதித் தூரம் தாண்டியதும் நிறுத்திவிட்டார். ஊரார் முன்னால் நிறுத்தினார், அதோடு ஓட்டத்தை விட்டுவிடவில்லை. அடுத்த வருடம், 61 வயதில், சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் பந்தயத்தில் இளவயது வீரர்களோடு வந்து நின்றார். மற்றவர்கள் பாய்ந்து போனார்கள். இவர் காலை அதிகம் தூக்காமல், தரையைத் தேய்த்துக்கொண்டே போகிற ஒரு சின்ன ஓட்டமாக ஓடினார், அவர்களைவிடக் குறைவாகத் தூங்கினார். 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். பரிசு பத்தாயிரம் டாலர். அதைக் கூட ஓடியவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார்.

நம் பிள்ளைகள் ஐந்து நாள் தூங்காமல் ஓட வேண்டியதில்லை. ஓடவும் கூடாது. தூக்கம் கெட்டால் இவர்களுக்கு எல்லாம் கெடும். யங்கிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சின்ன ஓட்டத்தை. மனசு வராத நாளில் வேகத்தைக் கேட்காமல், ஆடு மேய்க்கிறவர் நடைக்குக் கொஞ்சம் மேலான ஓட்டத்தில் இருபது நிமிடம் போய் வந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. நடவு நாளில் நாற்று பற்றாமல் போனால் இரண்டு வரிசை தள்ளி நட்டாவது வயலை நிரப்புகிறோம், அது மாதிரி.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சாக்கு கிடைத்துவிடும். அடைமழை பிடித்துக்கொள்ளும், கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்தால் கரைப்பக்கம் போக முடியாது. அப்போது அரியலூர் நெடுஞ்சாலையில் இருட்டில் ஓடுவதை மட்டும் பெற்றோர் அனுமதிக்கக் கூடாது. சிமெண்ட் லாரிகள் போகிற சாலை அது. பள்ளி மைதானமோ, ஊருக்குள் கப்பிச் சாலையோ போதும். டார்ச் விளக்கும் வெளிர் நிறச் சட்டையும் அவசியம். பூச்சி பொட்டுக்கும் விளக்கு வேண்டும்.

மழையில் நனைந்த ஷூ காயவில்லை என்பதுதான் அந்த மாதங்களில் அதிகம் கேட்கிற காரணம். அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சினால் அடிப்பசை விட்டுக்கொள்ளும். உள் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, பழைய தினத்தாளைக் கசக்கி முனை வரை திணித்து, படுக்கப் போகும்போது ஒரு தரம் தாளை மாற்றினால் காலைக்குள் ஈரம் இழுத்துவிடும். அப்படியும் கொஞ்சம் ஈரம் இருந்தால், அந்த நாலரை மணிக்குக் காலை உள்ளே விடுகிற ஒரு நிமிடம்தான் சில்லென்று இருக்கும்.